கடைக்குப் போகாத வீடு

என் மனைவி முதற்பேற்றுக்காகத் தாய்வீடு சென்றபோது, எங்கள் சமையலறைப் பரணின் கீழ் ஏழு கலயங்களை வரிசையாக வைத்துவிட்டுச் சென்றாள். ஒவ்வொன்றின் வாயையும் வெள்ளைத் துணியால் மூடிக் கட்டியிருந்தாள். நான் தனித்து வாழப்போகும் திங்கள்களுக்கு வேண்டியவை அவற்றுள் இருந்தன. ஒன்றில் பல்பொடி. ஒன்றில் தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடி. சோற்றில் பிசைந்து உண்ணக் கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் இருந்தன. நெல்லிக்காய் ஊறுகாயும் விளக்கெண்ணெயும் இருந்தன. பள்ளி வேலைக்கு நான் பயன்படுத்தும் எழுதுமையைக்கூட ஒரு சிறு கலயத்தில் நிறைத்து வைத்திருந்தாள். பரணின்மேல், வைக்கோல் பரப்பி, உடம்புக்கும் துணிக்கும் இடும் சவர்க்காரத்தைத் துண்டங்களாக அறுத்து அடுக்கியிருந்தாள். இவற்றுள் ஒன்றும் கடையில் வாங்கியதன்று. கடையில் வாங்கலாகாது என்பது என் கட்டளை.

அக்கட்டளை பிறந்த வகையை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்புக் காய்ச்சியவர்கள் சிறைக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. நாமக்கல்லில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். உடன் பயின்றவர்கள் இருவர் வேலையைத் துறந்து ஊர்வலத்தில் சென்றனர். நான் செல்லவில்லை. பெற்றோரை இளமையிலேயே இழந்தவன். வேலை போனால் வேறு பிடிப்பில்லை. அந்த அச்சத்தை மறைத்துக்கொள்ள ஒரு நோன்பு பூண்டேன். நாள்தோறும் வேண்டும் பண்டங்களில் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது எதுவும் கடையிலிருந்து எம் வீட்டுக்குள் வரலாகாது. துணி கதர்; சவர்க்காரம், மை, பல்பொடி எல்லாம் எம் கையால் ஆனவை. நாட்டு மருந்துக் கடை மட்டும் கடையாகாது என்று நானே ஒரு விலக்கும் வகுத்துக்கொண்டேன். கடுக்காயும் அன்னபேதியும் இல்லாமல் மை செய்ய இயலாது அல்லவா!

வீட்டுக்கு வருவோரிடம் அக்கலயங்களைத் திறந்து காட்டுவேன். தலைமையாசிரியர் ஒருமுறை வந்தபோது சவர்க்காரத் துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்து, “நாங்களே செய்தது” என்றேன். அவர் அதை முகர்ந்து பார்த்து, மூக்கைச் சுளித்து, பிறகு என் நோன்பைப் போற்றினார். நாங்கள் செய்தது என்றேனே, அதில் நான் செய்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

செய்தவள் அவள். திருமணமாகி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. நாமகிரிப்பேட்டைக்கு அருகில், கொல்லிமலையின் அடிவாரத்தில், மஞ்சளும் ஆமணக்கும் விளையும் காட்டைச் சேர்ந்தவள். நெல் அரைக்கும் இடத்திலிருந்து உமி கொண்டுவரச் செய்து, குவித்துத் தீமூட்டி, நீறாகிப் போகுமுன் நீர் தெளித்துக் கரியாக்கி, கிராம்பும் உப்பும் சேர்த்து இடித்துச் சலித்துப் பல்பொடி ஆக்குவாள். ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து நீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்து எடுப்பாள். அரப்பிலையை நிழலில் உலர்த்தி இடிக்கும்போது பச்சைநிறத் தூள் எழுந்து அவள் இமைகளில் படியும். பள்ளி முடிந்து நான் வரும்போது அந்த இமைகளோடு வந்து கதவைத் திறப்பாள். அதைக் காணும்போதெல்லாம் நான் எண்ணியது நோன்பைப் பற்றி, இமைகளைப் பற்றியன்று.

சவர்க்காரந்தான் கடினமான வேலை. துணி வெளுக்கும் அம்மையார் ஒருவர் கிழமைக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் கூடையில் கொண்டுவரும் உவர்மண்ணையும் கற்சுண்ணாம்பையும் என் மனைவி பெரிய பானையில் நீர்விட்டுக் கலக்கி வைப்பாள். மறுநாள் தெளிந்த நீரைத் துணியில் வடித்துப் பிழிந்து எடுப்பாள். காரம் என்பது அந்த நீர்தான். அதைச் சுண்டக் காய்ச்சி, விளக்கெண்ணெயில் சிறிது சிறிதாக விட்டு, மரத்துடுப்பால் பொழுதெல்லாம் கிண்டினால் களியைப்போல் இறுகும். மரப்பெட்டியில் ஊற்றி, நூலால் அறுத்து, பரணில் ஏற்றிவிட்டால் ஒரு திங்களில் பயன்படும். இத்தனையும் எனக்குத் தெரியும். அறையில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டே பார்த்திருக்கிறேன். துடுப்பை ஒருநாளும் பிடித்ததில்லை.

அந்நாட்களில் உணவில் ஒரு குறை கண்டேன். திங்களுக்கு மூன்று நான்கு நாள் குழம்பில் உப்பு மிகும். சில வேளை உப்பே இராது. நான் குற்றம் பொறுக்காதவன். மாணவனின் கட்டுரையில் பிழை கண்டால் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொல்வேன்.

“இன்னைக்கும் உப்புக் கூடிப்போச்சு. வாயில வெச்சுப் பாக்கறதில்லையா நீ?”

“பாத்தனுங்க. தெரியலீங்க” என்பாள்.

“உப்புத் தெரியாத நாக்கு ஒரு நாக்கா?”

அவள் சிரித்துவிட்டுக் கொஞ்சம் மோரை ஊற்றுவாள். அத்துடன் அது முடிந்துவிடும்.

ஆவணிக் கடைசியில், ஏழாந் திங்களில், அவள் வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து விருந்திட்டு அவளை அழைத்துச் சென்றனர். வண்டி வாசலில் நிற்க, அவள் என்னைச் சமையலறைக்கு அழைத்துக் கலயங்களைக் காட்டினாள்.

“ஏனுங்க, பல்பொடி தை மாசம் வரைக்கும் வருமுங்க. அரப்புல நனைஞ்ச கைய வெச்சுப்போடாதீங்க, கட்டி தட்டிப்போகும். கொள்ளுப்பொடியத் திறந்தா மறுபடியும் துணிய இறுக்கிக் கட்டோணும். கேக்கறீங்களா?”

“கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்” என்றாள். ஆசிரியனிடம் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறாள்! நான் சிரிக்கவில்லை. வெளியில் அவள் தமையன் காத்திருக்கிறான் என்ற நாணத்தில், “சரி, சரி, பொறப்படு” என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த எட்டுத் திங்களும் நான் வருந்தினேன்.

வீடு அவளில்லாமல் எப்படி இருக்கும் என்பதை நான் முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. முதல் நாள் காலையில் பல்பொடிக் கலயத்தை அவிழ்த்தபோதே அது தெரிந்தது. ஒவ்வொரு கலயத்தையும் நிறைத்தபின் அவள் மேற்பரப்பை உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்திருந்தாள். அரப்புப் பொடியின் மேல் அவளுடைய நான்கு விரல்களின் தடம் அப்படியே பதிந்திருந்தது. சிறுவிரலின் தடம் சற்று வளைந்திருந்தது. அவளுக்கு அந்த விரல் வளைந்தது என்பதை மணமாகி மூன்றாண்டு கழித்து ஒரு பொடியிலிருந்து அறிந்துகொண்டேன்.

அன்று முதல் சனிக்கிழமைதோறும் எண்ணெய் முழுக்குக்கு அரப்பு எடுக்கும்போது, தடம் கலையாதபடி ஓரத்திலிருந்து மட்டும் எடுத்தேன். கரண்டிக் காம்பால் கலயத்தின் சுவரை ஒட்டிச் சுரண்டுவேன். சுற்றிலும் பள்ளம் ஆழ்ந்தது. நடுவில் ஒரு மேடும் அதன்மேல் நான்கு விரலும் நின்றன. வளர்ந்த மனிதன், நன்னூலைக் கரைத்துக் குடித்தவன், ஒரு பானைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பதை எவரேனும் கண்டிருந்தால் என்ன எண்ணியிருப்பாரோ, அறியேன்.

கார்த்திகையில் பெண்மகவு பிறந்த செய்தி வந்தது. சென்றேன். மாமியார் குழந்தையைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து காட்டினார். அது உறங்கிக்கொண்டிருந்தது. மனைவியைக் கதவிடுக்கின் வழியே ஒரு நொடி கண்டேன். பெரியவர்கள் நிறைந்த வீட்டில் மருமகன் மனைவியை அழைத்துப் பேசுவது அக்காலத்து வழக்கமன்று. உண்டேன், திரும்பினேன். பங்குனியில் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள். நாட்களை எண்ணுவதற்கு எனக்குச் சுவரில் கோடிட வேண்டியிருக்கவில்லை. கலயங்கள் இறங்குவதே கணக்காயிற்று. அவள் சொன்னபடியே தையில் பல்பொடி தீர்ந்தது.

மாசியில் மைத்துனன் தனியே வந்தான். என்னினும் நான்கு வயது மூத்தவன், நல்ல உழவன், உரக்கச் சிரிப்பவன். அன்று சனிக்கிழமை. வழிக்களைப்புத் தீர எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கையில் அவனே சமையலறைக்குள் சென்று, அரப்புக் கலயத்தில் கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பெரும்பிடி அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

“ஏன் மாப்ள, கலயத்துக்குள்ளார என்ன, கெணறு வெட்டி வெச்சிருக்கறீங்க? சுத்தீலும் பள்ளம், நடுவுல மேடு!” என்று சிரித்துக்கொண்டே தலையில் தேய்த்தான்.

அவன் தலையிலிருந்து பச்சை நுரை வழிந்து வாய்க்காலில் ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்டு முடித்தபின் அவன் சிரிப்பை நிறுத்தினான்.

“மாப்ள, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கப்படாது.”

“சொல்லுங்க.”

“எங்கம்மா புள்ளைய உங்க ஊட்டுக்குத் தாட்டி உட மாட்டேங்குதுங்க.”

“ஏனுங்க? ஒடம்புக்கு ஏதாவது...”

“ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கையிதானுங்க. பேறுகாலத்துக்கு வந்தப்பவே அம்மா பாத்துப்போட்டுது. வெரலுக்கு எடையில எல்லாம் வெந்து தோலு உரிஞ்சு... காட்டுல பாடுபட்டா கை காப்புக் காய்க்கும், அது வேறங்க. இது வெந்த கையி. ‘வாத்தியாருக்குக் கட்டிக் குடுத்தமா, சுண்ணாம்புக் காளவாய்க்குக் குடுத்தமா’ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?”

“அவ என்ன சொல்றா?”

“அது வாயத் தொறக்கறதில்லீங்க. நீங்க ரண்டு பேருந்தான் பேசிக்கிறதே இல்லியா?” என்றான். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான்.

அவன் போனபின் முதலில் எனக்குச் சினந்தான் வந்தது. என் நோன்பை உணராத மாந்தர் என்று எண்ணினேன். கை சற்றே வேகாமல் எவரும் ஒன்றும் செய்வதில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். அப்படியானால் நானே காய்ச்சிப் பார்க்கிறேன் என்று எழுந்தேன். சவர்க்காரமும் தீர்ந்துபோயிருந்தது.

துணி வெளுக்கும் அம்மையார் உவர்மண்ணைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க வாத்தியாருங்க, நீங்களா காச்சப்போறீங்க?”

“ஆமாங்க. ஏன், கூடாதுங்களா?”

“கூடாதுன்னு ஆரு சொன்னா? காச்சுங்க, காச்சுங்க. நானும் பாக்கோணும்” என்று நீளமாகச் சிரித்தார்.

காய்ச்சினேன். துணியில் வடித்துப் பிழிந்தபோது முதலில் கை வழுவழுப்பாக இருந்தது, இன்பமாகக்கூட இருந்தது. சிறிது நேரத்தில் எரிந்தது. பிறகு விரலிடுக்குகளில் ஊசி இறங்கியதுபோல் ஆயிற்று. எழுந்து நீரில் கையை விட்டேன். எரிச்சல் அடங்கவில்லை. புளித்த மோரில் விட்டேன், சற்று அடங்கிற்று. எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில், அடுப்புக்கு அருகில், ஒரு சிறு சட்டியில் எப்போதும் மோர் இருந்தது ஏன் என்பது அப்போது தெரிந்தது. எதையோ உறையூற்ற வைத்திருக்கிறாள் என்று நான் கருதியிருந்தேன்.

ஆயினும் விடாமல் கிண்டி, பெட்டியில் ஊற்றி, அறுத்து, பரணில் ஏற்றினேன். பத்து நாள் சென்றபின் அம்மையார் வந்தார். ஒரு துண்டத்தைக் காட்டி, இது பக்குவமாகிவிட்டதா, துணிக்கு இடலாமா, எப்படி அறிவது என்று கேட்டேன்.

“நாக்குல வெச்சுப் பாக்கோணுமுங்க” என்றார்.

“நாக்குலயா?”

“ஆமாங்க. சுருக்குன்னு புடிச்சா இன்னும் காரம் இருக்குதுன்னு அர்த்தம். புடிக்கலீன்னா ஆயிப்போச்சு. மூணாம் நாளு ஒருக்கா, பத்தாம் நாளு ஒருக்கா, புடிக்காத வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கோணும். உங்க ஊட்டுக்காரம்மா அப்படித்தான பாத்துச்சு. ‘ஏஞ்சாமி, உனக்கு எதுக்கு இந்த வேலை, எங்கிட்டத் துணியக் குடு, நான் வெளுத்துத் தாரேன்’னு நான் எத்தன தரம் சொல்லியிருப்பேன்! ‘அவரு மேலுக்குப் போடறதுங்க, வெந்துபோச்சுன்னா?’ங்கும்.”

அவர் சென்றபின் துண்டத்தின் விளிம்பை நாவின் நுனியில் வைத்தேன். வைத்த கணமே நா பின்வாங்கியது. வாயெல்லாம் உவர்த்து எரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று பகல் சோற்றில் நானே அளந்து போட்ட உப்பு எனக்குத் தெரியவில்லை. மீண்டும் ஒரு பிடி போட்டேன், அப்போதும் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை.

அடுப்பின் முன் குந்தியிருந்து அந்தச் சோற்றை உண்டேன். ‘உப்புத் தெரியாத நாக்கு ஒரு நாக்கா’ என்று நான் கேட்டபோது அவள் சிரித்ததை நினைத்தேன். பதில் சொல்ல அவளுக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. சொன்னால் நான் நோன்பை விட்டுவிடக்கூடும் என்று அஞ்சினாளா, விடமாட்டேன் என்று அஞ்சினாளா?

அந்தச் சவர்க்காரம் கெட்டுப்போயிற்று. காரம் மிகுந்து, மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. மீண்டும் ஒருமுறை காய்ச்சினேன். அது துணியை வெளுத்தது. வெற்றிதான். ஆனால் அதை எவரிடமும் காட்டத் தோன்றவில்லை. பங்குனி முடிந்தது. அவள் வரவில்லை. பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாள் இராசிபுரம் வழியாகச் செல்லும் மோட்டார் வண்டியில் ஏறினேன். வண்டி செல்லும் வழியெல்லாம் மாமியாரிடம் சொல்லவேண்டிய சொற்களைக் கோத்துக்கொண்டே சென்றேன். நல்ல தொடர்கள், எதுகையும் மோனையும் தாமே வந்தன. இறங்கியபோது ஒன்றும் நினைவில் இல்லை.

அவ்வீட்டு முன்கூடத்தை ஆசாரம் என்பர். அங்கே பாயில் அமர்ந்தேன். மைத்துனன் கதவருகே நின்றான். மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சற்றுத் தொலைவில், எனக்கு முகம் காட்டாமல் திரும்பி உட்கார்ந்தார். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது அக்குடும்பத்தின் வழக்கம். ஆகவே அவர் குழந்தையோடு பேசினார்.

“ஆரு வந்திருக்காங்க பாரு சாமி. ஒங்கப்பன். வழி தெரிஞ்சுபோச்சு பாத்தியா, பரவால்லியே!”

ஆறு திங்கள் நிறையாத அந்தக் குழந்தை தன் கால்விரலைப் பிடித்துச் சுவைத்துக்கொண்டிருந்தது.

“ஒங்கப்பன் பெரிய படிப்பெல்லாம் படிச்சவரு சாமி. ஆனா பாரு, சோப்பு கடைல விக்குதுன்னு மட்டும் அந்தப் பொஸ்தகத்துல எழுதாம உட்டுட்டாங்க.”

மைத்துனன் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஒங்கம்மா கைய நாலு மாசம் வெண்ணெயும் மஞ்சளும் போட்டு ஆத்துனேன் சாமி. இப்பத்தான் பூவு கட்டுது அந்தக் கையி. மறுபடியும் அனுப்புன்னா எப்படி அனுப்பறது, நீயே சொல்லு.”

நானும் குழந்தையிடம் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. என் மகளிடம் நான் பேசிய முதல் சொற்கள் இவை:

“கண்ணு, உங்க அமுச்சிகிட்டச் சொல்லு. கை மட்டும் வேகலே. நாக்கும் வெந்துது. அது அமுச்சிக்குத் தெரியாது. எனக்கும் போன மாசம்தான் தெரிஞ்சுது.”

சவர்க்காரத்தை நாவில் வைத்துப் பார்க்கும் முறையையும், உப்பைப் பற்றி நான் அவளை ஏசியதையும் விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வழக்கை நானே தோற்கடிக்கிறேன் என்று புரிந்தது. அவர் அறியாதிருந்த குற்றத்தையும் நானே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஆனால் அதை மறைத்து அவளை அழைத்துச் செல்வதென்றால், பிறகு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மாமியார் முதன்முறையாகத் திரும்பி என்னை நேரே பார்த்தார். குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு உள்ளே சென்றார். உள்ளிருந்து குரல் கேட்டது.

“நாக்க நீட்டு அம்மிணி.”

“அய்யோ, இப்ப ஒண்ணுமில்லீம்மா. எல்லாம் ஆறிப்போச்சு.”

“ஏன்டி எங்கிட்டச் சொல்லல?”

“நீ கையத்தான கேட்ட?”

எட்டுத் திங்களுக்குப் பின் அவள் குரலைக் கேட்டேன். அதில் சிரிப்பு இருந்தது. நான் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

மாமியார் திரும்பி வந்து குழந்தையை எடுத்துக்கொண்டார். இம்முறை குரல் சற்று இறங்கியிருந்தது.

“ஒங்கப்பனக் கேளு சாமி. இனிமே அந்த ஊட்டுல சோப்பு ஆரு காச்சுவாங்கன்னு.”

“நான் காச்சறேன்னு சொல்லு கண்ணு. ரண்டு தரம் காச்சியாச்சு. ரண்டாந்தரம் நல்லா வந்துது.”

“கடைல வாங்க மாட்டாராமா? அப்படி என்ன அது?”

சிறைக்குப் போகாதவனுக்கு இருந்த ஒரே பெருமிதம் அது. அப்போது கதவுக்குப் பின்னிருந்து, தாயிடமும் அன்று, என்னிடமும் அன்று, குழந்தையிடம் அவள் சொன்னாள்:

“வாங்கச் சொல்லு சாமி. பல்பொடி நான் இடிக்கறேன், அரப்பும் இடிக்கறேன், மையும் காச்சித் தாரேன். அதெல்லாம் எனக்குப் புடிச்ச வேலை. சோப்பு மட்டும் கடைலயே இருக்கட்டும். மல்லிகப்பூ வாசத்துல ஒண்ணு வருதாமா. நானு வந்த நாளா அத ஒருக்கா போட்டுப் பாக்கோணும்னு இருக்கறேன்.”

வந்த நாளாக! மூன்றாண்டுகளாக அந்த ஆசையோடு அவள் காரத்தைப் பிழிந்திருக்கிறாள்.

“வாங்கறேன்னு சொல்லு கண்ணு” என்றேன். மைத்துனன் இம்முறை சிரிக்கவில்லை.

“அப்ப வாரேன்னு சொல்லு சாமி” என்றாள் அவள்.

வைகாசி பிறக்குமுன் நல்ல நாள் பார்த்து அனுப்புவதாக முடிவாயிற்று. நாமக்கல் திரும்பியதும் கடைத்தெருவுக்குச் சென்றேன். ஒரு கடையின் முன் நின்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விழித்தேன். கடைக்காரர் என்னை அறிந்தவர்.

“அட, வாத்தியாருங்க! வழி தப்பி வந்துட்டீங்களா?”

“மல்லிகப்பூ வாசத்துல ஒரு சோப்பு இருக்குதாமுங்களே.”

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அதைப் பெட்டிக்குள் வைத்தேன். மூன்றே நாளில் பெட்டியிலிருந்த என் வேட்டிகளெல்லாம் மணந்தன. அவ்வேட்டியோடு வெளியே செல்ல நாணமாயிருந்தது. செல்லாமலும் இருக்க மனமில்லை.

குறித்த நாளில் வண்டி நிற்குமிடத்தில் காலையிலிருந்து நின்றேன். நண்பகலில் வண்டி வந்தது. முதலில் ஒரு மூட்டை இறங்கிற்று, பிறகு மைத்துனன், பிறகு, நான் எதிர்பாராதபடி, மாமியார், அவருக்குப் பின்னால், குழந்தையோடு அவள். கை இருக்கும் நிலையை ஆனி மாதம் வரை உடனிருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று மாமியார் குழந்தையிடம் அறிவித்தார்.

ஆகவே அவள் வந்தாள். ஆயினும் எனக்கு வந்தபாடில்லை. அவளும் தாயும் குழந்தையும் உள்ளறையில், நான் முன்னறையில். நடுவில் ஒரு சுவர். மறுநாள் காலையில் புறக்கடைத் தட்டிக்குப் பின்னால் நீர் விழும் ஓசை கேட்டது. சற்றுப் பொறுத்து மல்லிகை மணம் வீடு முழுதும் பரவியது. விடுமுறையில் திருத்த வேண்டிய ஏடுகள் என் முன் விரிந்து கிடந்தன. ஓரெழுத்தும் கண்ணில் படவில்லை.

“என்னடி இது, தேரு வந்த மாதிரி மணக்குது!” என்றார் மாமியார். சில நாள் கழித்து, “ஒங்கப்பங்கிட்டச் சொல்லு சாமி, அமுச்சிக்கும் அதுல ஒண்ணு வேணுமாமா” என்று தூது வந்தது. வாங்கிக் கொடுத்தேன்.

எங்களுக்கும் அந்தத் தூதே துணையாயிற்று. சுவருக்கு அப்பாலிருந்து, தாய் கேட்கவே, அவள் குழந்தையைக் கொஞ்சுவாள். “அப்பாவுக்குக் கொழம்புல உப்புச் சரியா இருந்துதான்னு கேளு சாமி” என்பாள். “சரியா இருந்துதுன்னு சொல்லு கண்ணு” என்பேன். பல்பொடி தீர்ந்தபின் எதைக் கொண்டு பல் துலக்கினேன் என்று கேட்டாள். செங்கல் தூள் என்றேன். அவள் சிரித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

ஒருநாள் மாமியார் கிணற்றடிக்குச் சென்றிருந்தார். அப்போது கேட்பதற்கு எவரும் இல்லை. இருந்தும் அவள் பழக்கத்தால் குழந்தையிடமே கேட்டாள். குரல் மட்டும் மிகத் தாழ்ந்திருந்தது.

“இந்த எட்டு மாசமும் தனியா என்ன பண்ணுனாருன்னு கேளு சாமி.”

கலயத்தில் நின்ற நான்கு விரல்தடமும் வாய்க்காலில் ஓடிய பச்சை நுரையும் என் நினைவுக்கு வந்தன. குழந்தையிடம் சொல்லி அனுப்பக்கூடிய விடை அதற்கு இல்லை. ஏட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து, அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு, உள்ளறையை நோக்கி நடந்தேன்.